திவ்யா கேட்ட பரிசு: தமிழ் சினிமாவும் விவாகரத்துச் சட்டமும்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். ‘அதாவது’, ‘வந்து’ எல்லாம் முடிந்த அளவுக்கு வெட்டியாச்சு.)

போன மாசம் அம்மாவோடு உட்கார்ந்து ‘மௌன ராகம்’ பார்த்தேன். எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை. கல்யாணமான புதுசு, டெல்லி வீடு. உனக்கு என்ன பரிசு வேணும் என்று மோகன் கேட்பார். ரேவதி விவாகரத்து கேட்பார். அந்த இடம் வந்தாலே அம்மா வாயிலிருந்து ஒரே வார்த்தைதான் வரும்: “திமிரு.” அப்புறம் பிளாஷ்பேக், கார்த்திக், பைக், காலேஜ், துப்பாக்கிச் சத்தம். அது முடிந்ததும் அம்மா கட்சி மாறிவிடுவார். “பாவம், அதான் அப்படி இருந்திருக்கா.”

இத்தனை வருஷம் இதை நான் காமெடியாகத்தான் பார்த்தேன். இந்த முறை கொஞ்சம் உறுத்தியது. காரணம், என் காலேஜ் நண்பன் ஒருத்தனும் அவன் மனைவியும் சேர்ந்தே விவாகரத்துக்கு மனு போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு அவனை நன்றாகத் தெரியும், எங்கள் வீட்டில் தங்கிச் சாப்பிட்டவன். விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்டார்: “என்ன காரணமாம்?” ஒண்ணும் பெருசா இல்லைம்மா, ஒத்து வரலை என்றேன். “ஒத்து வரலைங்கறது ஒரு காரணமாடா?”

திவ்யாவுக்குச் செத்துப்போன காதலன் இருந்தான், அதனால் அம்மா மன்னித்துவிட்டார். என் நண்பனிடம் அப்படி ஒரு பிளாஷ்பேக் இல்லை. அவன் என்ன செய்வான், பாவம்.

இன்றைய எபிசோடு அந்தக் கேள்வியைப் பற்றித்தான். ‘என்ன காரணம்?’ இந்தக் கேள்வியை நம் சினிமா எப்போதிலிருந்து கேட்கிறது, சட்டம் எப்போதிலிருந்து கேட்கிறது? நான் வக்கீல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாஃப்ட்வேர் எஞ்சினியர். சட்டத்தை ரிலீஸ் நோட்ஸ் படிக்கிற மாதிரிதான் படிக்கத் தெரியும்: எந்த வருஷம் எந்த வரியை மாற்றினார்கள், எதைத் தூக்கினார்கள். படங்களையும் அதே வருஷ வரிசையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில வேடிக்கையான விஷயங்கள் தெரிகின்றன.

முதலில் ஒரு தவறான நினைப்பைக் கழித்துவிடலாம். ‘அந்தக் காலத்தில் நம்ம ஊர்ல டைவர்ஸே கிடையாது’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் ‘அறுத்துக் கட்டுறது’ என்ற சொல் அவர்களுக்கே தெரியும். தமிழ்நாட்டில் பல சாதிகளில் ஊர்ப் பஞ்சாயத்து முன்னால் கல்யாணத்தைத் தீர்த்துவிட்டு இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளும் வழக்கம் இருந்தது. அதற்குத்தான் அந்தப் பெயர். 1955இல் இந்து திருமணச் சட்டம் வந்தபோது, இப்படி வழக்கப்படி நடக்கும் மணமுறிவுகளை அது ஒழிக்கவில்லை. 29ஆவது பிரிவில் அவை அப்படியே தொடரலாம் என்று விட்டுவைத்தது. ‘தாலி ஏறினா ஏறினதுதான்’ என்பது எல்லாத் தமிழர்களுடைய பழக்கமாகவும் இருந்ததில்லை. அதை எல்லோருக்கும் பொதுவாக்கியதில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

சரி, படங்களுக்கு வருவோம். 1954, ‘ரத்தக்கண்ணீர்’. எம்.ஆர். ராதாவின் குரலும் நக்கலும்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கதையின் முடிவு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மோகனசுந்தரம் மனைவி சந்திராவை ஒதுக்கிவிட்டு காந்தாவிடம் போகிறான். சொத்து போகிறது, தொழுநோய் வருகிறது, தெருவுக்கு வருகிறான். கடைசியில் அவனே தன் நண்பன் பாலுவுக்கும் தன் மனைவிக்கும் கல்யாணம் செய்துவைக்கிறான். 1954இல்! உயிரோடு இருக்கும் கணவன், மனைவிக்கு மறுமணம் செய்துவைக்கிறான், அதைத் தியேட்டரில் ஜனங்கள் கைதட்டிப் பார்க்கிறார்கள். இன்றைக்கு இதே முடிவோடு ஒரு படம் எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் சட்டப் பக்கம் இன்னும் சுவாரசியம். அடுத்த வருஷமே வந்த இந்து திருமணச் சட்டத்தில், விவாகரத்து கேட்பதற்கான காரணங்களின் பட்டியலில் தொழுநோய் இருந்தது. குணமாகாத, கடுமையான தொழுநோய், மனு போடுவதற்கு முன் குறைந்தது மூன்று வருஷமாக இருக்க வேண்டும். தொழுநோய் மருந்தில் குணமாகிற நோய் என்று ஆன பிறகும் அந்த வரி பல பத்தாண்டுகள் சட்டத்தில் கிடந்தது. எப்போது எடுத்தார்கள் தெரியுமா? 2019இல். நாம் எல்லோரும் ஸ்மார்ட்போனில் வெப் சீரிஸ் பார்த்துக்கொண்டிருந்த வருஷம். யாரும் தொடப் பயப்படும் பழைய கோடு என்று ஆபீசில் ஒன்று இருக்கும் இல்லையா, அந்த மாதிரி.

ரத்தக்கண்ணீரில் ஒன்றைக் கவனியுங்கள். சந்திராவுக்கு மறுமணம் நடக்கிறது, நல்லது. ஆனால் முடிவெடுத்தது யார்? மோகனசுந்தரம். மனைவியை ஒதுக்கியதும் அவன்தான், இன்னொருத்தன் கையில் ஒப்படைத்ததும் அவன்தான்.

எட்டு வருஷம் கழித்து, 1962இல், ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரே ஆஸ்பத்திரி செட்டில். முத்துராமனுக்குப் புற்றுநோய், மனைவி தேவிகா, ஆபரேஷன் செய்ய வேண்டிய டாக்டர் கல்யாண்குமார், தேவிகாவின் பழைய காதலர். விஷயம் தெரிந்த கணவன் மனைவியிடம் சொல்கிறான்: நான் பிழைக்காவிட்டால் நீ அவரைக் கல்யாணம் செய்துகொள். அவள் துடித்துப்போகிறாள். அப்படி ஒரு நிலைமை வந்தால் படம் என்ன செய்திருக்கும் என்று ஸ்ரீதர் நமக்குக் காட்டவே இல்லை. கணவனைக் காப்பாற்றிவிட்டு டாக்டர் இறந்துபோகிறார். அழகான படம், மறுப்பதற்கில்லை. ஆனால் கேள்வியை எழுப்பிவிட்டு, பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் ஒருத்தரைச் சாகடிப்பது நம் சினிமாவின் நிரந்தர வசதி. மௌன ராகத்தில் கார்த்திக் சாவதும் இதே கணக்குதான்.

அப்புறம் 1981, பாக்யராஜின் ‘அந்த 7 நாட்கள்’. இதுவும் அதே கதைக்குடும்பம். வசந்தியை வீட்டார் வற்புறுத்தி டாக்டர் ஆனந்துக்குக் கட்டிவைக்கிறார்கள். முதலிரவில் அவள் தற்கொலைக்கு முயல்கிறாள். டாக்டர் நல்ல மனுஷன். அம்மா சாகக் கிடக்கிறார், ஒரு வாரம் பொறுத்துக்கொள், அப்புறம் நானே உன் காதலனிடம் உன்னைச் சேர்த்துவைக்கிறேன் என்கிறார். தேடிக் கண்டுபிடித்தும் விடுகிறார். ஆனால் கிளைமாக்ஸில் தாலி குறுக்கே வருகிறது. கழற்ற வேண்டிய நேரத்தில் அவளால் முடியவில்லை. பாலக்காட்டு மாதவன் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறான்.

இங்கேயும் சட்டப் புத்தகத்தைத் திறந்தால் சிரிப்பு வரும். வசந்திக்கு விவாகரத்தே தேவையில்லை. பலவந்தத்தாலோ ஏமாற்றியோ சம்மதம் வாங்கி நடந்த கல்யாணத்தை ரத்து செய்யக் கோரலாம் என்று 12ஆவது பிரிவு சொல்கிறது. பலவந்தம் விலகியதிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட்டால் போதும், இடையில் மனசார அவரோடு குடும்பம் நடத்தியிருக்கக் கூடாது. சட்டம் அவளுக்கு ஒரு வருஷம் கொடுத்தது. படம் ஏழு நாள் கொடுத்தது.

மூன்று படங்கள், மூன்று நல்ல ஆண்கள், மூவரும் மனைவியை இன்னொருத்தனிடம் கொடுக்கத் தயார். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை, அந்தந்தக் காலத்துக்கு இவை தைரியமான கதைகள்தான். ஆனால் மூன்றிலும் பெண் எதையும் கேட்கவில்லை. அவளுக்கு ‘கொடுக்கப்படுகிறது’, அவ்வளவுதான்.

தாலி விஷயத்தைத் தாண்டிப் போக முடியாது, அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன். 1928இல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் என்ற ஊரில் பெரியார் தலைமையில் ஒரு சுயமரியாதைத் திருமணம் நடந்தது. ஐயர் இல்லை, மந்திரம் இல்லை. அப்புறம் ஆயிரக்கணக்கானவர்கள் இப்படிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஆனால் 1953இல் சென்னை உயர் நீதிமன்றம், தெய்வானை ஆச்சி வழக்கில், இந்த மாதிரி கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. எத்தனை குடும்பங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும்!

1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று இதைச் சரிசெய்தது. இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கு மட்டும் 7ஏ என்று ஒரு புதுப் பிரிவு. 1968 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ஏற்கெனவே நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கும் அது பொருந்தும். உறவினர்களோ நண்பர்களோ மற்றவர்களோ கூடியிருக்க, ஒருவரை ஒருவர் கணவனாக, மனைவியாக ஏற்றுக்கொள்வதாக இருவருக்கும் புரியும் மொழியில் சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், அல்லது மோதிரம் மாற்றலாம், அல்லது தாலி கட்டலாம். அந்த ‘அல்லது’தான் முக்கியம். தமிழ்நாட்டில் கல்யாணத்துக்குத் தாலி கட்டாயம் இல்லை என்று சட்டமே எழுதி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

இப்போது 1991க்கு வாங்க. ‘சின்னத்தம்பி’. தாலி என்றால் என்ன என்றே தெரியாத பிரபு, குஷ்பு கழுத்தில் தாலி கட்டுகிறார். தான் செய்தது கல்யாணம் என்றே அவருக்குத் தெரியாது. ஆனால் கதையில் எல்லோருக்கும், தியேட்டரில் இருந்தவர்களுக்கும், அது கல்யாணம்தான். கதையின் மொத்தப் பதற்றமும் அந்த ஒரு முடிச்சில்தான் தொங்குகிறது. படம் பேய் ஓட்டம் ஓடியது. சட்டம் ‘புரியும் மொழியில் சொல்லுங்க’ என்றது. சினிமா ‘புரியணும்னு அவசியமே இல்லை, முடிச்சு விழுந்தா போதும்’ என்றது. அதுவும் சினிமாவிலிருந்து வந்தவர்களே தொடர்ந்து ஆண்ட மாநிலத்தில். எனக்கு இது இன்னும் ஆறவே இல்லை.

தாலியை எதிர்த்த படமே இல்லையா என்றால், இருக்கிறது. 1984இல் வந்த ‘சிறை’. அனுராதா ரமணன் கதை, ஆர்.சி. சக்தி இயக்கம், லட்சுமி நடித்தது. பலாத்காரத்துக்கு ஆளான மனைவியைக் கணவன் கைவிட்டுப் போகிறான். அவள் நேராக அந்தக் குற்றவாளி அந்தோணியின் வீட்டுக்குப் போய், நீதான் பொறுப்பு என்று அங்கேயே தங்குகிறாள். வருஷங்கள் போகின்றன, அந்தோணி இறந்த பிறகு கணவன் தேடி வருகிறான். அவள் தாலியைக் கழற்றி வீசிவிட்டு அந்தோணியின் விதவையாக இருந்துகொள்கிறேன் என்கிறாள். இன்றைய கண்ணில் இந்தக் கதையில் நிறைய சிக்கல் இருக்கிறது. குற்றவாளிக்கு விதவையாவது எப்படி விடுதலை ஆகும் என்று கேட்கலாம், கேட்கணும். ஆனால் ‘தாலி கட்டியவன்’ என்ற ஒரே தகுதியோடு வந்து நிற்கிறவனை அப்படி நிராகரித்த காட்சி அதற்கு முன் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இன்னொரு பக்கம் இரண்டு பொண்டாட்டி காமெடிகள். சென்னை மாகாணத்தில் இருதாரத் தடைச் சட்டம் 1949லேயே வந்துவிட்டது, நாடு முழுமைக்கும் வருவதற்கு ஆறு வருஷம் முன்னால். ஆனால் திரையில் பாருங்க: ‘கோபுரங்கள் சாய்வதில்லை’, ‘ரெட்டைவால் குருவி’, ‘வீரா’. அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு ஓடும் ஹீரோ, மாட்டிக்கொள்வானா மாட்டானா என்று நாம் சிரிக்கிறோம். முதலிரண்டிலும் மோகன், அதாவது நம்ம மௌன ராகம் சந்திரகுமார். சட்டப்படி சிறைக்குப் போக வேண்டிய குற்றம், திரையில் டைமிங் காமெடி. விவாகரத்து கேட்ட பெண் ‘திமிரு’, ரெண்டு கல்யாணம் செய்த ஆண் ‘மாட்டிக்கிட்டான் பாவம்’. இதைப் பற்றித் தனியாக ஒரு எபிசோடே போடலாம், இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

இப்போது மெயின் மேட்டர். 1976.

நெருக்கடி நிலை காலம். அந்த வருஷம் மே மாதம் திருமணச் சட்டங்களில் ஒரு பெரிய திருத்தம் வந்தது. அதற்கு முன்னால் நிலைமை எப்படி? கொடுமை என்ற காரணத்தைச் சொல்லி நீதிமன்றம் போனால், பிரிந்து வாழ உத்தரவு கிடைக்கும். நேரடியாக விவாகரத்து கிடைக்காது. அடி வாங்கிய பெண்ணுக்குக்கூட. 1976இல்தான் கொடுமை என்பது விவாகரத்துக்கான காரணமாக ஆனது. அதே திருத்தத்தில்தான் 13பி என்ற பிரிவும் வந்தது: கணவனும் மனைவியும் சேர்ந்து கேட்டால், யார் மேலும் குற்றம் சுமத்தாமல், பரஸ்பர சம்மத விவாகரத்து. ‘ஒத்து வரலை’ என்பதை இந்து திருமணச் சட்டம் முதல்முறையாக ஒரு காரணமாக ஏற்றுக்கொண்டது அங்கேதான்.

மூன்றாவதாக ஒரு குட்டி மாற்றம். கல்யாணமாகி எவ்வளவு நாள் கழித்து விவாகரத்து மனு போடலாம் என்று சொல்லும் 14ஆவது பிரிவு. 1955இல் அது மூன்று வருஷம். 1976இல் அதை ஒரு வருஷமாகக் குறைத்தார்கள்.

மௌன ராகம் ஞாபகம் வருகிறதா? வக்கீலிடம் போகிறார்கள், இப்போதுதானே கல்யாணமாகியிருக்கிறது, சட்டப்படி ஒரு வருஷம் காத்திருக்கணும் என்று தெரியவருகிறது. அந்த ஒரு வருஷக் காத்திருப்புதான் படம். ஒரே வீட்டில், பேசாமல், ஒட்டாமல், சாப்பாட்டு மேஜையில் முகம் பார்க்காமல். இந்தக் கதையின் எஞ்சினே 14ஆவது பிரிவுதான்! படம் 1986இல் வந்தது. திருத்தம் வருவதற்கு முன்னால் இதே கதையை எடுத்திருந்தால் திவ்யா மூன்று வருஷம் காத்திருந்திருக்க வேண்டும். மணிரத்னத்துக்கு இன்டர்வெல் எங்கே விடுவது என்றே தெரிந்திருக்காது.

இன்னொன்று. 13பியில் மனு போட, ஒரு வருஷம் தனித்தனியாக வாழ்ந்திருக்க வேண்டும். தனித்தனியாக என்றால் வேறு வேறு வீடா? 1991இல் உச்ச நீதிமன்றம் சுரேஷ்தா தேவி வழக்கில் இதற்குப் பதில் சொன்னது. இடம் முக்கியமில்லை, ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாமல் இருக்கலாம், வேறு வேறு இடத்தில் இருந்தும் கணவன் மனைவியாக வாழலாம். படித்ததும் எனக்கு அந்த டெல்லி வீடுதான் கண்ணில் வந்தது. மணிரத்னமும் பி.சி. ஸ்ரீராமும் ஐந்து வருஷம் முன்னால் லைட்டிங்கில் காட்டியதைத்தான் தீர்ப்பு வார்த்தையில் சொல்லியிருக்கிறது.

கார்த்திக் பகுதிக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அம்மாவின் கட்சித்தாவல் அங்கேதான் நடக்கிறது. இந்தக் கதையை மணிரத்னம் முதலில் யோசித்தபோது அந்தக் காதலன் பாத்திரம் இல்லை, பின்னால் சேர்த்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். முதல் யோசனை ரொம்ப எளிமையானது: முன்பின் தெரியாத ஒருத்தனோடு ஒரு ராத்திரியில் வாழ்க்கையை ஆரம்பிக்கச் சொன்னால் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும்? அந்தப் படத்தில் திவ்யாவுக்குக் காரணம் என்று எதுவும் இருந்திருக்காது. பிடிக்கலை, அவ்வளவுதான். கார்த்திக் வந்ததால் படம் கலகலப்பானது, ஓடியது, நமக்கும் ஒரு மனோகர் கிடைத்தார். குறை சொல்லவில்லை, எனக்கும் அந்தப் பகுதி பிடிக்கும். ஆனால் திவ்யா கேட்ட அந்தப் பரிசு அவரால் நியாயப்படுத்தப்பட்டது. ‘புதுசா வந்த ஆளைப் பிடிக்கலை’ என்பது ‘பழைய ஆளை மறக்க முடியலை’ என்று மாறிவிட்டது. சட்டம் காரணம் கேட்காமல் பிரித்துவிட ஆரம்பித்து பத்து வருஷம் ஆன பிறகும், கதைக்குக் காரணம் தேவைப்பட்டது.

முடிவு உங்களுக்குத் தெரியும். ரயில்வே ஸ்டேஷன், திவ்யா பத்திரத்தைக் கிழிக்கிறாள், மோகன் ஓடும் ரயிலில் ஏறிச் சங்கிலியை இழுக்கிறார்.

அதே 1986இல், மௌன ராகத்துக்குச் சில வாரங்கள் முன்னால் வந்தது விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’. இரண்டும் தேசிய விருது வாங்கின. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், அப்படி ஒரு முரண். ஒன்றில் இரண்டே பேர், பெரிய வீடு, பேச்சே இல்லை. இன்னொன்றில் சின்ன வீடு, நிறைய ஜனம், பேச்சு நிற்கவே நிற்காது. விசு படத்தில் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது அப்பாவுக்கும் ரகுவரனுக்கும் நடக்கும் பணச் சண்டை, வீட்டுக்கு நடுவில் போட்ட கோடு, மனோரமா. எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது மருமகள் வசந்தா. புதுசாகக் கல்யாணமானவள். கணவன் ராத்திரியெல்லாம் தம்பிக்குப் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறான். அவளுக்கு அவனோடு பேசக்கூட நேரம் கிடைப்பதில்லை, கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிறாள். யாரும் அடிக்கவில்லை, குடிக்கவில்லை, கள்ளக் காதல் இல்லை. இடமும் நேரமும் இல்லை என்பதுதான் பிரச்சினை. கூட்டுக் குடும்பத்தில் எத்தனையோ பெண்கள் வாயைத் திறந்து சொல்ல முடியாமல் விழுங்கியதை விசு சும்மா ஒரு கிளைக்கதையாக வைத்துவிட்டுப் போனார்.

முடிவும் அப்படித்தான். எல்லோரும் சமாதானம் ஆகிவிடுகிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள், சுபம் போட வேண்டிய இடத்தில் மூத்த மருமகள் லட்சுமி வேண்டாம் என்கிறார். தனித்தனியாக இருப்போம், நாளும் கிழமையுமா சேர்ந்து பார்த்துக்கொள்வோம். குடும்பப் படங்களிலேயே ரொம்பக் குடும்பப் படம் என்று பெயர் வாங்கிய படம், பிரிந்து வாழ்வது உறவுக்கு நல்லது என்று சொல்லி முடிகிறது. எங்கள் வீட்டில் இந்தப் படத்தைப் பத்து தடவை பார்த்திருப்பார்கள், இதை மட்டும் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஏழு வருஷம் கழித்து ரேவதி மறுபடி வருகிறார். படத்தின் பெயரே ‘மறுபடியும்’. 1993, பாலு மகேந்திரா, இந்தியில் மகேஷ் பட் எடுத்த ‘அர்த்’தின் தமிழ் வடிவம். கணவன் ஒரு நடிகையிடம் போய்விடுகிறான். அப்புறம் அங்கே சரிவராமல் திரும்பி வருகிறான். ரேவதி ஏற்கவில்லை. இடையில் துணையாக இருந்த நண்பன் அரவிந்த்சாமி காதலைச் சொல்கிறான். அவனையும் ஏற்கவில்லை. தனியாக இருக்கிறேன் என்று நடந்துவிடுகிறாள். பத்திரத்தைக் கிழித்த அதே முகம் என்பதால் எனக்கு அந்தக் காட்சி இரண்டு மடங்கு வேலை செய்தது. இங்கே யாரும் சாகவில்லை, யாரும் அவளை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. அம்மாவுக்கு இந்தப் படம் பிடிக்காது. ஏன் என்று கேட்டேன். “கடைசில ஒண்டியா நிக்கிறாளே” என்றார்.

2000க்கு அப்புறம் வேகமாகப் போய்விடுகிறேன், ஏனென்றால் இதெல்லாம் நீங்கள் பார்த்தவை. ‘அலைபாயுதே’யில் முதல் பாதிக் காதலை நாம் ஸ்டேட்டஸ் வைத்தோம், இரண்டாம் பாதியின் சண்டைகளை ஸ்கிப் செய்தோம். கௌதம் மேனன் படங்களில், ‘வேட்டையாடு விளையாடு’ ஜோதிகா, ‘என்னை அறிந்தால்’ த்ரிஷா, விவாகரத்தான பெண்கள் கதாநாயகிகள் ஆனார்கள். நல்ல முன்னேற்றம்தான், ஆனால் அந்த விவாகரத்து கதை ஆரம்பிக்கும் முன்பே முடிந்திருக்கும். நல்லவராகவே இருக்கும் இரண்டு பேர் பிரிவதை நம் கண் முன்னால் காட்ட இன்னும் தயக்கம்.

2020இல் ‘ஓ மை கடவுளே’ குடும்ப நீதிமன்றத்திலேயே ஆரம்பித்தது. ஆனால் கடவுளே வந்து ஒரு டிக்கெட் கொடுத்து, கடைசியில் சேர்த்துவைத்துவிட்டார். 2023இல் ‘இறுகப்பற்று’, மூன்று ஜோடிகள், ஷ்ரத்தா ஸ்ரீநாத் திருமண ஆலோசகர். அதில் விதார்த் சொல்லும் காரணம் மனைவி குண்டாகிவிட்டாள் என்பது. அந்தக் காரணத்துக்குப் பின்னால் வேறு என்னவோ இருக்கிறது என்று படம் பொறுமையாகத் தோண்டுகிறது. அந்தப் பொறுமை எனக்குப் பிடித்தது. ஆனாலும், பெயரைப் பாருங்கள்: இறுகப்பற்று. 2025இல் ‘தலைவன் தலைவி’, விவாகரத்து வரை போன சண்டை, கடைசியில் அதுவும் சேர்ந்துதான் முடிகிறது. சேரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மௌன ராகத்திலிருந்து கிட்டத்தட்ட 40 வருஷம், இன்னும் ரயில் சங்கிலியை இழுத்துக்கொண்டே இருக்கிறோம்.

சட்டமும் முழுசாக மாறிவிடவில்லை என்பதையும் சொல்லணும். திருத்த முடியாத அளவுக்கு முறிந்துபோன உறவு என்பது இன்றைக்கும் இந்து திருமணச் சட்டத்தில் ஒரு காரணமாக எழுதப்படவில்லை. 2023இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, தனக்கு உள்ள சிறப்பு அதிகாரத்தில் அப்படி விவாகரத்து கொடுக்கலாம் என்றது. ஆனால் அது உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும். கீழ் நீதிமன்றத்தில் ஒருத்தர் சம்மதிக்காவிட்டால் மறுபடி அதே கேள்விதான்: என்ன காரணம்? அப்போதுதான் வக்கீல்கள் கதை எழுத ஆரம்பிக்கிறார்கள். கொடுமை, கள்ள உறவு, மனநிலை. நம் வசனகர்த்தாக்கள் தோற்றுவிடுவார்கள். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் மட்டும் இந்த வசனமெல்லாம் வேண்டாம். மனு போட்டு ஆறு மாசம் கழித்து மறுபடி போய்ச் சொல்லணும், மனசு மாறவில்லை என்று. தேவைப்பட்டால் அந்த ஆறு மாசத்தையும் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் ஒரு தீர்ப்பு இருக்கிறது.

என் நண்பனுக்குத் தள்ளுபடி எதுவும் நடக்கவில்லை, ஆறு மாசம் காத்திருந்தார்கள். போன வாரம் முடிந்தது. உள்ளே என்னடா கேட்டாங்க என்றேன். சினிமா மாதிரி கூண்டெல்லாம் எதிர்பார்த்துப் போயிருக்கிறான். பெயர், விலாசம், சொந்த விருப்பத்தில்தானே வந்திருக்கீங்க, மனசு மாறலையே. அவ்வளவுதானாம். வெளியில் காத்திருந்ததுதான் அதிகம், காலையில் போனது மதியம் ஆகிவிட்டது. ரெண்டு பேருக்கும் பசி. உயர் நீதிமன்ற வாசலைத் தாண்டி பாரிமுனைப் பக்கம் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டார்களாம். அவள் காபியை ஆற்றி இவனுக்கும் பாதி ஊற்றினாளாம், பழக்கம். அப்புறம் அவள் மெட்ரோவுக்குப் போனாள், இவன் பைக் எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

இதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“சேர்ந்து உக்காந்து காபி குடிச்சாங்களா?”

“ஆமாம்மா.”

“அப்புறம் எதுக்குடா பிரிஞ்சாங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவன் பொங்கலுக்கு வருவானான்னு கேளு, என்றார். கேட்டிருக்கிறேன், இன்னும் ரிப்ளை வரலை.

உங்கள் வீட்டில் மௌன ராகம் பார்க்கும்போது எந்த இடத்தில் யார் கட்சி மாறுகிறார்கள் என்று ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அந்த ரெண்டு பொண்டாட்டி காமெடிகளை எடுக்கிறேன்.